முதுமையால் யாருக்கு லாபம்?

கேள்வி: வயதானவர்கள் இளசுகளுக்கு வழிவிட வேண்டும் என்றுதான் இயற்கை முதுமையை வைத்திருக்கிறது என்கிறார் என் நண்பர். டார்வின் கொள்கைக்கு இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. ஆனால் உங்கள் நண்பர் தனியாள் இல்லை, 19ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் வைஸ்மான் என்ற ஜெர்மன் உயிரியலாளரே இப்படித்தான் சொன்னார். எல்லா எலிகளும் பெருந்தன்மையாக ஒதுங்கும் கூட்டத்தில் ஒன்று மட்டும் ஒதுங்காமல் இன்னொரு ஈற்று குட்டி போட்டால் என்ன ஆகும்? அதன் மரபணுதான் பெருகும், தியாகிகளின் வம்சம் காணாமல் போய்விடும்.

சரி, அப்புறம் ஏன் முதுமை? 1950களின் தொடக்கத்தில் பீட்டர் மெடவர் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் கேள்வியையே திருப்பிப் போட்டார். காட்டு எலிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டுவதே இல்லை. ஆந்தை, பூனை, பசி, குளிர் என்று ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். அப்படியிருக்க, மூன்று வயதில் உடம்பைக் கெடுக்கும் மரபணு ஒன்று இருந்தாலும் இயற்கைத் தேர்வின் கண்ணில் அது படவே படாது, அதற்குள் குட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நம்மிடையே ஹண்டிங்டன் நோய் என்ற பரம்பரை மூளை நோய் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தலைகாட்டுவது இதனால்தான் என்று மரபியலாளர் ஹால்டேன் அதற்கு முன்பே ஊகித்திருந்தார். 1957இல் அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு படி மேலே போனார்: இளமையில் நன்மை செய்யும் மரபணு பின்னால் கேடு செய்தாலும் இயற்கைத் தேர்வில் ஜெயித்துவிடும். ஆக, முதுமை யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல, கவனிப்பாரற்று விடப்பட்டது.

வாதமாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம் வேண்டாமா என்பீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா கரையோரம் சபேலோ என்றொரு தீவு, நிலப்பகுதியிலிருந்து பிரிந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அங்கே ஒப்போசம் என்ற, வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் விலங்கை வேட்டையாட நரி போன்றவை கிடையாது. ஸ்டீவன் ஆஸ்டாட் என்ற உயிரியலாளர் அவற்றைப் பிடித்து, ரேடியோ பட்டை கட்டி, நிலப்பகுதி ஒப்போசங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தீவில் இருப்பவை ஒரு ஈற்றில் போடும் குட்டிகள் குறைவு, ஆயுள் அதிகம். எதிரி இல்லாததால் தப்பிப் பிழைத்தன, அவ்வளவுதானே என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வாலில் உள்ள நார்த்திசு விறைத்துப்போகும் வேகமே அவற்றில் குறைந்திருந்தது. அதாவது உடம்பே மெதுவாகத்தான் கிழடாகிறது.

வௌவாலையும் பாருங்கள். எலி அளவுகூட இல்லை, ஆனால் பறந்து தப்பிக்கிறது. சைபீரியாவில் அடையாள வளையம் மாட்டி விடப்பட்ட பிராண்ட் வௌவால் ஒன்று, 41 ஆண்டுகள் கழித்து உயிரோடு மறுபடி கையில் சிக்கியிருக்கிறது. இந்த இனத்தின் எடை 10 கிராமைத் தொடாது.