குற்றம் யாருடையது? இரத்த உறவு, சட்டம், சமயம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நெருங்கிய இரத்த உறவினரிடையே நடக்கும் பாலுறவு எல்லா நாட்டுச் சட்டங்களிலும் குற்றம்தானா? இந்தியச் சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்படியொரு தனிப் பிரிவு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. வயது வந்த இருவர் தாமாக இசைந்து கொண்ட உறவு, அவர்கள் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், அங்கே தனிக் குற்றமாக எழுதப்படவில்லை. அதனால் இந்தியச் சட்டம் இந்த விஷயத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உறவுமுறையை அது வேறோர் இடத்தில் எடைபோடுகிறது. வன்புணர்ச்சி செய்தவன் அந்தப் பெண்ணின் உறவினனாகவோ பாதுகாவலனாகவோ அவளுடைய நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவனாகவோ இருந்தால், சன்ஹிதாவின் 64ஆம் பிரிவின்படி குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல்; எஞ்சிய ஆயுள் முழுவதும் சிறை என்பது வரை அது நீளலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவர் என்றால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வருகிறது. குடும்பத்தினர் செய்யும் பாலியல் வன்கொடுமையை, பிறர் செய்வதைவிடக் கடுமையான வகையில் அச்சட்டம் வைத்திருக்கிறது. அது உடலில் ஊடுருவும் வன்கொடுமையானால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. உச்சம் மரண தண்டனை. குழந்தை சம்மதித்தது என்ற வாதத்துக்கு அங்கே இடமே கிடையாது.

மற்ற நாடுகளின் வழி பலவிதம். இலங்கை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக் கோவையில் இதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தது. தண்டனை 7 முதல் 20 ஆண்டு வரை. ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, வயது வந்தவர்கள் இசைந்து கொண்ட உறவையும் தண்டிக்கிறது. பிரான்சின் கதைதான் சிந்தனைக்குரியது. புரட்சிக்குப் பின் 1791இல் இயற்றிய சட்டத்தில், சமயம் வகுத்த பாவங்களை அரசு தண்டிக்கக் கூடாது என்ற கொள்கையால் இந்தக் குற்றத்தை அந்நாடு நீக்கிவிட்டது. நீக்கியபோது வயது வந்தவர்களை மட்டும் நினைத்தார்கள். குழந்தைகள் நினைவுக்கு வரவில்லை. இரண்டு நூற்றாண்டுக்குமேல் கழித்து, 2016இல்தான் அந்தப் பெயர் நிலையாகச் சட்டத்துக்குள் திரும்பியது. 2021ஆம் ஆண்டுச் சட்டம், வயது வந்தவரோடு 15 வயதுக்குட்பட்டவர் கொள்ளும் உறவில் சம்மதம் என்ற கேள்வியே எழாது என்று சொல்லி, குடும்பத்துக்குள் நடப்பதற்கு அந்த வரம்பை 18ஆக உயர்த்தியது.

கேள்வி: சமயங்கள் அனைத்தும் இதைக் கண்டிக்கின்றனவா? எந்த அடிப்படையில்?

பெரும் சமயங்கள் கண்டிக்கின்றன. ஆனால் எதைக் குற்றமாகக் காண்கின்றன என்பதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு உண்டு.

விவிலியத்தில் லேவியராகமம் 18ஆம் அதிகாரம் விலக்கப்பட்ட உறவுகளை வரிசையாகச் சொல்கிறது: தாய், தந்தையின் மனைவி, சகோதரி, பேத்தி, அத்தை, மருமகள் எனப் பட்டியல் நீள்கிறது. அதே நூலின் 20ஆம் அதிகாரம், தந்தையின் மனைவியோடும் மருமகளோடும் கொள்ளும் உறவுக்கு இருவருக்குமே மரணம் என்கிறது. இந்தப் பட்டியலை நிதானமாகப் படிப்பவர் ஒன்றைக் காண்பார். சொந்த மகள் அதில் நேரடியாகக் குறிக்கப்படவில்லை. அவள் விலக்கப்பட்டவள் என்பதை யூதச் சமய அறிஞர்கள் மற்ற வசனங்களிலிருந்து உய்த்துணர்ந்து நிறுவினார்கள். தந்தையின் மனைவியை அணுகுவது தந்தையை அவமதிப்பதாகச் சொல்லும் மொழிநடையும் இதனோடு சேர்ந்தது. யாருடைய உரிமையும் மானமும் குலைகின்றன என்பதே அங்கே முதன்மையாக நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த காயம் பின்னே போய்விடுகிறது என்பது என் வாசிப்பு.

குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 22, 23ஆம் வசனங்களில் இதைத் திட்டமாக வகுக்கிறது. தாய், மகள், சகோதரி, தந்தையின் சகோதரி, தாயின் சகோதரி, சகோதரனின் மகள், சகோதரியின் மகள் ஆகியோர் வெளிப்படையாகவே பெயர் குறிக்கப்படுகிறார்கள். பாலூட்டிய தாயும் அவளிடம் பால் குடித்த சகோதரியும், மணந்து வாழ்ந்த மனைவியின் முந்தைய மணத்து மகளும் பட்டியலில் உண்டு. இரத்தத்தால் மட்டுமல்ல, வளர்ப்பாலும் ஒரே வீட்டில் வாழ்வதாலும் உறவு உண்டாகிறது என்ற உணர்வு இதில் இருக்கிறது. இன்றைய குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்து சேர்ந்திருப்பதும் ஏறத்தாழ அந்த இடத்துக்கே.

இந்து மரபில் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், உடன்பிறந்த யமி அழைக்க, தேவர்களின் ஒற்றர்கள் கண் இமைப்பதில்லை என்று சொல்லி யமன் மறுக்கும் உரையாடல் இருக்கிறது. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம், உடன்பிறந்தவளோடு உறவு கொள்வதைக் குருவின் மனைவியைக் கூடிய பெரும்பாதகத்துக்கு நிகராக வைக்கிறது. அந்தப் பாதகத்துக்கு அது விதிக்கும் கழுவாய்களில் ஒன்று, காய்ச்சிய இரும்புப் படுக்கையில் கிடந்து உயிர்விடுவது. பழைய மெசொப்பொத்தேமியாவின் ஹம்முராபி சட்டமோ இவற்றுக்கெல்லாம் முற்பட்டது. தந்தை இறந்தபின் தாயோடு கூடியவனை அவளோடு சேர்த்து எரிக்கச் சொல்லும் அதே சட்டம், மகளிடம் தவறிய தந்தையை மட்டும் ஊரைவிட்டுத் துரத்துகிறது; மகளுக்குத் தண்டனை சொல்லவில்லை. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேறுபாட்டை ஒருவர் உணர்ந்து கல்லில் வெட்டியிருக்கிறார்.

கேள்வி: சிறுவயதில் என் நெருங்கிய உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். பல ஆண்டு தொடர்ந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இருவருக்கும் தண்டனை என்று வேத நூல் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் நானும் பாவியோ என்று மனம் பதறுகிறது.

இல்லை. நீங்கள் பாவியும் அல்ல, குற்றவாளியும் அல்ல. சட்டமும் இதைச் சொல்கிறது; நீங்கள் மதிக்கும் சமயமும் இதையே சொல்கிறது.

இருவரையும் தண்டிக்கும் வசனங்கள், இருவரும் விரும்பிச் செய்ததை வைத்தே பேசுகின்றன. விவிலியத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், வயல்வெளியில் பலவந்தப்படுத்தப்பட்ட பெண்ணுக்கு ஒன்றும் செய்யலாகாது என்றும், ஒருவன் மற்றவன்மேல் பாய்ந்து கொலை செய்ததற்கு இது ஒப்பானது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. கட்டாயத்துக்கு ஆளானவர்மேல் பாவம் இல்லை என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஏற்ற கொள்கை. ஒரு குழந்தை எதிர்க்காமல் இருந்தது, பலமுறை நடந்தது, வெளியே சொல்லவில்லை என்பவை எவையும் விருப்பமாகா. வீட்டில் சோறு போடுகிறவரும் அடிக்க உரிமை உள்ளவரும் ஒருவரே என்றால் அந்தக் குழந்தை எங்கே ஓடும்?

விவிலியத்தின் 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தாவீதின் மகன் அம்னோன், நோயாளிபோல் நடித்துத் தன் தங்கை தாமாரை உணவு சமைத்துத் தர வரவழைக்கிறான். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பலவந்தம் செய்கிறான். பிறகு அவளை வெறுத்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, அங்கியைக் கிழித்துக்கொண்டு, சத்தமிட்டு அழுதபடி போகிறாள். உடன்பிறந்த அப்சலோம் அவளிடம், அவன் உன் சகோதரன், இப்போது மௌனமாயிரு என்கிறான். அரசனாகிய தந்தை கோபம் கொள்கிறார். நடவடிக்கை எதுவும் எடுத்ததாக நூல் சொல்லவில்லை. நோயென்ற பொய், நம்பி வந்த பெண், பூட்டிய கதவு, மௌனமாயிரு என்ற அறிவுரை, கோபத்தோடு நின்றுவிட்ட தந்தை: இன்றைய வழக்குக் கட்டுகளிலும் இவையே இருக்கின்றன. அந்த அதிகாரத்தில் தாமார்மேல் ஒரு பழிச்சொல்கூட இல்லை. இது அக்கிரமம், வேண்டாம் என்று நியாயம் பேசுகிறவளாகவே அவளை நூல் காட்டுகிறது.

சட்ட வழியை நாட விரும்பினால், இத்தனை ஆண்டு கழித்தா என்று தயங்க வேண்டாம். இந்தியாவில் இத்தகைய கடுங்குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14 அன்று; அதற்கு முன் நடந்திருந்தால் அப்போதைய தண்டனைச் சட்டம் பொருந்தும். புகார் கொடுப்பதும் கொடுக்காதிருப்பதும் உங்கள் முடிவு. எதைத் தேர்ந்தாலும், மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள். இந்தச் சுமையைத் தனியாகத் தூக்க வேண்டியதில்லை.

கேள்வி: வயது வந்த இருவர் மனமொத்து வாழ்ந்தால் அரசுக்கு என்ன?

இந்தக் கேள்வியை ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமே எதிர்கொண்டது. பிரிந்து வளர்ந்து, அண்ணன் பெரியவனானபின் சந்தித்த அண்ணன்-தங்கை வழக்கு அது. 2008 பிப்ரவரி 26 அன்று நீதிமன்றம் 173ஆம் பிரிவு செல்லும் என்று ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. குடும்ப அமைப்பைக் காப்பது, சார்ந்திருப்பவரின் பாலியல் தன்னுரிமையைக் காப்பது, பிறக்கும் குழந்தைக்கு வரக்கூடிய மரபணுக் கேடு ஆகியவற்றைக் காரணங்களாகக் காட்டியது. மாறுபட்ட ஒரே நீதிபதி வின்ஃப்ரீட் ஹாஸமர், வெறும் ஒழுக்க உணர்வைக் காக்கக் குற்றவியல் சட்டத்தை எடுக்கலாகாது என்று எழுதினார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2012இல் ஜெர்மனியின் பக்கமே நின்றது. 2014இல் ஜெர்மன் அறநெறி மன்றத்தின் பெரும்பான்மை உறுப்பினர்களோ, வயது வந்த உடன்பிறந்தாரைத் தண்டிப்பதைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், மரபணு வாதம் சட்டத்துக்குத் தாங்குதூண் ஆகாது. கடும் மரபுநோய் உள்ள மற்றவர்கள் பிள்ளை பெறுவதை எந்த நாகரிகச் சட்டமும் தடுப்பதில்லை. வலுவான காரணம் அதிகாரம். மகள் 18 வயதைத் தாண்டிய மறுநாள் அவளுக்கும் தந்தைக்கும் இடையே சமநிலை பிறந்துவிடுவதில்லை. பல வழக்குகளில் இசைந்து நடந்தது என்று சொல்லப்படுவது, எட்டு, பத்து வயதில் தொடங்கிய கொடுமையின் தொடர்ச்சி. ஆகவே பெற்றோர்-பிள்ளை உறவையும், பிரிந்து வளர்ந்த இரு பெரியவர்களின் உறவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னதில் சட்டம் கண்டிப்பாக இருந்தே தீர வேண்டும்.

கேள்வி: மணம் செய்யத் தடை என்பதும் குற்றம் என்பதும் ஒன்றா?

இல்லை. இந்து திருமணச் சட்டம் 1955, தடுக்கப்பட்ட உறவுமுறைக்குள் நடந்த மணத்தைச் செல்லாததாக்குகிறது. வழக்காறு அனுமதித்தால் விலக்கும் தருகிறது. மீறினால் அதிகபட்சம் ஒரு மாத வெறுங்காவல் அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அந்தக் கோடு காலத்துக்குக் காலம் நகர்ந்தும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1215இல் ஏழு தலைமுறைத் தடையை நான்காகக் குறைத்தது. ரோமில் பேரரசர் கிளாடியஸ் அண்ணன் மகளை மணக்க விரும்பியபோது, கி.பி. 49இல் செனட் சபை அதற்கேற்ப விதியையே தளர்த்தியது. குழந்தையைக் காக்கும் சட்டத்துக்கு இப்படி நெகிழ்வு கிடையாது. எந்த வழக்காறும் அதற்கு விலக்கு ஆகாது.

கேள்வி: மாற்றாந்தந்தை, தத்தெடுத்தவர் இதில் அடங்குவார்களா?

அடங்குவார்கள். போக்சோ சட்டத்தில் இரத்தம், தத்து, திருமணம், பாதுகாவல் ஆகிய எந்த வழியில் வந்த உறவானாலும், பெற்றோரில் ஒருவரோடு சேர்ந்து வாழ்பவரானாலும் கணக்கில் வருவர். இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டமும் இப்படியே விரிகிறது.

கேள்வி: என் உறவினர் வீட்டில் ஒரு சிறுமிக்கு இது நடப்பது எனக்குத் தெரியவந்தது. குடும்ப மானம் போகும், வெளியே விடாதே என்கிறார்கள். சிறுமியின் தாயும் அழுதுகொண்டே அதையே சொல்கிறார்.

உடனே தெரிவியுங்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு எதுவும் தொடர முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் அழைக்கலாம்.

அந்தத் தாயைக் கடிந்துகொள்ள வேண்டாம். வருமானம், வீடு, அடுத்த பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாமே அந்த ஒருவரின் கையில் இருக்கும்போது வருகிற பயம் அது. அவருக்குத் தெரியாத சில செய்திகளை நீங்கள் சொல்லலாம். சிறுமியின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ எந்த ஊடகமும் வெளியிட முடியாது. வாக்குமூலம் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரியால், சீருடை இல்லாமல் பதியப்படும். இரவில் காவல் நிலையத்தில் அவளை வைத்திருக்கக் கூடாது. அவள் அந்த வீட்டிலேயே இருப்பது பாதுகாப்பா என்பதைக் குழந்தைகள் நலக் குழு மூன்று நாளுக்குள் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை. 2004இல் சாக்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் திரை வைக்க உத்தரவிட்டபோதே, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சம்பவம் பற்றிய கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதியே அவற்றைப் புரியும் மொழியில், கூச்சம் தராதபடி கேட்க வேண்டும் என்றும் சொன்னது. போக்சோ சட்டமும் அந்த முறையையே விதித்திருக்கிறது. இவற்றைச் சொன்னபின்னும் தாய் தயங்கினால், அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சட்டம் உங்களிடம் அதைக் கேட்கவில்லை.