செவிலியருக்குச் சமூகவியல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பி.எஸ்சி. நர்சிங் முதலாமாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். உடற்கூறியலும் உடலியங்கியலும் கடினமாக இருந்தாலும் எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிகிறது. சமூகவியல்தான் புரியவில்லை. சமூகவியல் அறிஞர் துர்க்கைம் சொன்னது, கூட்டுக்குடும்பத்தின் நன்மை தீமைகள், சாதியின் இயல்புகள் என்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறேன். ஊசி போடவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் போகிறவளுக்கு இது எதற்கு? அடுத்த பருவத்தில் கணினிப் பாடம் வேறு வருகிறது. என் அக்கா தட்டச்சு முடித்து அலுவலக வேலைக்குப் போகிறாள். கணினி அவளுக்கு வேண்டும். நான் நோயாளியைப் பார்க்க வந்தவள் அல்லவா?

ம.

அன்புள்ள ம.,

1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு. மருத்துவரான தந்தையின் வீட்டில் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண்ணைத் தேடி மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் வரக்கூடாது என்று சொல்லி மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்றார். வேலூருக்கு வந்து 1900இல் வேலையைத் தொடங்கினார். 1909இல் அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளி வந்தது. 1946இல் பட்டப்படிப்பும் வந்தது. நீங்கள் படிக்கும் பட்டம் இந்தியாவில் முதலில் தொடங்கப்பட்ட இடங்களில் வேலூர் ஒன்று.

அன்று மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். ஒரு பெண்ணின் உடலை யார் தொடலாம், அதை யார் முடிவு செய்யலாம் என்று ஊர் வைத்திருந்த விதிதான் குறுக்கே நின்றது. அந்த விதியை ஆராய்கிற படிப்பைத்தான் எதற்கு என்று கேட்கிறீர்கள்.

அது பழைய கதை என்று தோன்றலாம். உங்கள் புத்தகத்தில் குடும்பம், திருமணம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். கர்ப்பம் தெரிந்த நாள் முதல் அவளைப் பதிவு செய்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஹீமோகுளோபின் அளவைக் குறித்து, தடுப்பூசி போட்ட கிராம சுகாதாரச் செவிலியர் இருப்பது புகுந்த ஊரில். மிகுந்த கவனம் தேவைப்படும் கடைசி மாதங்களில் அவள் இருப்பது பிறந்த ஊரில், வேறொரு செவிலியரின் பொறுப்பில். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே வந்த பெண் என்றால், அந்த விவரம் அவளோடு போய்ச் சேராவிட்டால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளை பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிந்து எண் கொடுப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. பெண் எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணைக் கொண்டு அவளுடைய விவரத்தை எடுத்துவிடலாம். ஆனால் யாராவது ஒரு செவிலியர் அதைப் பிழையில்லாமல் உள்ளிட்டிருக்க வேண்டும். தாய்வீட்டுப் பிரசவம் என்ற வழக்கத்தைப் புரிந்துகொள்ளச் சமூகவியல், அந்த வழக்கத்தால் ஒரு பெண் கண்காணிப்பிலிருந்து நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளக் கணினி. நீங்கள் வேண்டாம் என்கிற இரண்டு பாடங்களும் ஒரே பெண்ணின் பிரசவத்துக்குத் தேவைப்படுகின்றன.

கணினியை அக்காவுக்கு விட்டுவிடாதீர்கள். கிரிமியப் போரின்போது ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், அங்கே இறப்புப் பதிவேடுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகாததைக் கண்டு கொதித்தார். காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் பலமடங்கு என்று பின்னர் 1858இல் வரைபடம் போட்டுக் காட்டினார். எழுதி வைத்த எண்கள்தான் அவருக்கு ஆயுதம். இரவுப் பணி முடித்துப் போகிறவர் கேஸ் ஷீட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரி, காலையில் வருகிறவரை இரண்டாம் முறை அதே மருந்தைக் கொடுக்க வைத்துவிடும்.

ரத்தசோகைக்கு வருவோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிற நாட்டில் இது நடக்கிறது. மாத்திரையின் வேதியியலை உங்களுக்குக் கல்லூரி சொல்லித்தரும். மாத்திரை ஏன் பரணில் கிடக்கிறது என்பது வேறு கேள்வி. சாப்பிட்டால் குழந்தை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும் என்று மாமியார் சொல்லியிருப்பார். மலம் கறுத்ததைப் பார்த்து அந்தப் பெண்ணே பயந்து நிறுத்தியிருப்பாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைத் தின்கிறவளிடம் “கீரை, முட்டை நிறையச் சாப்பிடும்மா” என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை. அந்த அறிவுரையை மாமியாரையும் கணவனையும் அருகில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்று கண்டுபிடிப்பதும் சிகிச்சைதான்.

துர்க்கைமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், அவர் செய்ததை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வது முழுக்க அந்தரங்கமான முடிவு என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் அரசுப் பதிவுகளிலிருந்த எண்களை எடுத்து, மதம், மணவாழ்வு, குழந்தைகள் என்று ஒப்பிட்டு, அதற்கும் சமூகக் காரணம் உண்டு என்று 1897இல் நூலாக எழுதினார். பூச்சிமருந்து குடித்தவர்களை நாளை அவசரப் பிரிவில் நீங்கள் பார்ப்பீர்கள். வயிற்றைக் கழுவிவிட்ட பின், மருத்துவர் அடுத்த நோயாளிக்குப் போய்விடுவார். இரவெல்லாம் அருகில் இருக்கப்போவது நீங்கள். கடனா, வரதட்சணையா, சாதி மாறிய காதலா, மதுவா என்று கேட்காமலே உணர்ந்துகொள்கிற செவிலியரிடம்தான் அந்த மனிதர் வாய் திறப்பார். “இவளுக்குக் கொழுப்பு” என்று காதில் விழும்படி பேசுகிற செவிலியரை நான் ஒரு மருத்துவமனையில் கண்டிருக்கிறேன். ஊசி போடுவதில் அவர் கைதேர்ந்தவர்.

உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயம். வார்டையே சரியாகப் பார்த்திராத முதல் பருவத்தில் இந்தப் பாடத்தை வைத்து, கைடு புத்தக ஆங்கிலத்தில் நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று எழுதவைத்தால் யாருக்கும் வெறுத்துப்போகும். சமூகவியலை உயிருள்ள நோயாளிகளை வைத்துத்தான் கற்பிக்க வேண்டும். தமிழ்வழியில் வந்த மாணவிக்கு முதலில் தமிழில் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போவதில் கல்லூரிக்கு என்ன குறைந்துவிடும்?

தேர்வுக்கு வேண்டியதைப் படித்துவிடுங்கள், மதிப்பெண் அவசியம். கூடவே ஒரு நோட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் உங்கள் தெருவிலிருந்தே ஓர் உதாரணத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். பெயர்கள் வேண்டாம். சமூக நலப் பயிற்சிக்காகக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். வீடு வீடாகப் படிவம் நிரப்பும்போது, அதில் இல்லாத மூன்று விஷயங்களையும் கேட்டுப் பாருங்கள்: இந்த வீட்டில் காசு யார் கையில் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யார் சொல்ல வேண்டும், கடைசியாகச் சாப்பிடுவது யார். கிடைத்த பதில்களை எனக்கு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.