பாரதியின் 'பாரத தேசம்' பாடல் தொழில்நுட்பத்தை நன்மையாகப் பார்க்கிறதா, தீமையாகப் பார்க்கிறதா?

நன்மையாகத்தான் பார்க்கிறது. ஆனால் "பாரதி அறிவியலை வரவேற்றார்" என்று ஒரு வரியில் விடையை முடித்துவிட்டால் பாடலில் பாதி விட்டுப்போகும்.

முதலில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். செய்வோம், வைப்போம், கற்போம், அளப்போம், வளர்ப்போம். எல்லாம் தன்மைப் பன்மை, எதிர்காலம். எந்தக் கருவிக்கும் 'வாங்குவோம்' என்ற சொல் வரவே இல்லை. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை 'இந்தியா' பத்திரிகையில் ஆதரித்து எழுதியவர் பாரதி. அந்தக் கம்பெனி கொழும்புக்கு ஓட்டிய காலியா, லாவோ இரண்டும் விலைக்கு வாங்கிய கப்பல்கள். பாடல் கேட்பது அதற்கும் மேலே: "ஞாலம் நடுங்க வரும் கப்பல்கள் செய்வோம்."

அடுத்து, எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு இந்தப் பாடலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்:

"காவியம் செய்வோம் நல்ல காடு வளர்ப்போம்
கலை வளர்ப்போம் கொல்லர் உலை வளர்ப்போம்"

காட்டுக்கும் கலைக்கும் கொல்லன் உலைக்கும் ஒரே வினை. தீயை 'வளர்ப்பது' தமிழில் இயல்பான வழக்கு என்பதால் உலைக்கும் அது உறுத்தாமல் பொருந்துகிறது. கொல்லன் உலை கரியில் எரிவது, கரி மரத்திலிருந்து வருவது. உலையைப் பாடும் கவிஞர் அதற்கு முந்தின அடியிலேயே காட்டையும் வளர்க்கச் சொல்கிறார். தொழிலுக்காக இயற்கையை அழிக்கச் சொல்லும் பாட்டு இது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு அடிகளைக் காட்டினால் போதும். அதேபோல் சந்திர மண்டலத்து இயல் கண்டு தெளிந்த கையோடு "சந்தி தெருப் பெருக்கும் சாத்திரம் கற்போம்" என்கிறார். தெருக் கூட்டும் வேலைக்குச் 'சாத்திரம்' என்ற உயர்ந்த சொல்! ஓவியத்துக்குப் பக்கத்தில் ஊசி வருவதும் இதே நோக்கில்தான்.

விடை எழுதும்போது தடுக்கிவிழும் இடங்கள் சில உண்டு. 'உழு படைகள்' என்றால் சேனை அல்ல, ஏர் கலப்பை போன்ற உழவுக் கருவிகள். 'இரும் பாணிகள்' என்று சீருக்காகப் பிரித்து அச்சிட்டிருப்பதை இரும்பு + ஆணிகள் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். 'வினைத் தந்திரம்' சூழ்ச்சி அல்ல, வேலை செய்யும் நுட்பம். காசிப் புலவரின் உரையைக் "காஞ்சியில் கேட்பதற்கோர் கருவி" என்ற அடியைக் கண்டதும் பலர் 'வானொலியை முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசி' என்று ஒரு பத்தி எழுதிவிடுகிறார்கள். சென்னையில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1924-இல், பாரதி மறைந்து 3 ஆண்டுகள் கழித்து என்பது உண்மைதான். ஆனால் கேள்வி அவர் கணிப்பைப் பற்றியது அல்ல, மனப்பான்மையைப் பற்றியது. அந்தக் கருவியில் கேட்கப்போவது புலவரின் பேச்சு. அதை எழுதுங்கள்.

"ஆயுதம் செய்வோம்" என்று இருக்கிறதே, அது தீமை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே அடியில் "நல்ல காகிதம் செய்வோம்" என்று வருகிறது. ஆலைகளை அடுத்துக் கல்விச் சாலைகள். கடைசியில் "நீதி நெறியினின்று பிறர்க்குதவும் நேர்மையர் மேலவர்" என்று முடிக்கிறார். ஆயுதம் செய்கிறவனுக்கும் இதுதான் அளவுகோல்.

தீமைப் பக்கத்துக்கு இந்தப் பாடலுக்குள் சான்று தேடி வரிகளை வளைக்க வேண்டாம். பாரதியின் வேறு இரண்டு பாடல்களுக்குப் போங்கள். 'தொழில்' பாடலில் "யந்திரங்கள் வகுத்திடுவீரே, கரும்பைச் சாறு பிழிந்திடுவீரே" என்று உழைப்பாளரை வாழ்த்துகிறார். 'கரும்புத் தோட்டத்திலே' பாடலில் அதே கரும்பு, ஆனால் இடம் பிஜித் தீவு. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோன ஊர். அங்கே நம் பெண்கள் "செக்கு மாடுகள் போல் உழைத்து ஏங்குகின்றார்" என்று குமுறுகிறார். நெடுவினா என்றால் இந்த இரண்டு கரும்பு வரிகளையும் அடுத்தடுத்து எழுதி, முதலாவதில் வேலை செய்கிறவர் முன்னிலையில் 'நீர்' என்று மதிக்கப்படுவதையும், இரண்டாவதில் அவர் மாட்டோடு ஒப்பிடப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பதையும் விளக்குங்கள்.