வாட் கேள்விகள்: ஃபைபரா, பிளாஸ்டிக்கா?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் 12 போர் (குழலின் அளவு) ஷாட்கன் தோட்டாவின் வாட் பற்றியவை. வாட் என்பது தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் ரவைக்கும் (சிறு உலோக உருண்டைகளுக்கும்) நடுவே இருக்கும் அடைப்பு. அநேகமாக எல்லாமே இங்கிலாந்தில் கிளே (பறக்கவிடும் இலக்குத் தட்டு) சுடுபவர்கள் எழுதியவை.

கே: ஃபைபர், பிளாஸ்டிக், இதில் எது நல்லது?

எந்தத் துப்பாக்கி, என்ன சோக் (குழல் முனையின் குறுக்கம்; அரை, முக்கால் என்று அளவு), ஈய ரவையா ஸ்டீலா, எந்த மைதானம்? இந்த நான்கில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். மைதானத்தில் ஃபைபர் மட்டும்தான் என்றால் பேச்சுக்கே இடமில்லை. இரண்டுக்கும் அனுமதி உண்டு என்றாலும், ஈய ரவைக்கு ஃபைபரே வாங்குங்கள்.

கே: ஃபைபருக்கு மாறியதிலிருந்து தூரத்துக் கிளே உடைவதில்லை. அரை சோக்தான் போட்டிருக்கிறேன்.

காகிதத்தில் சுட்டுப் பார்த்தீர்களா, அல்லது ஊகமா? 40 கஜத்தில் பெரிய காகிதம் நிறுத்துங்கள். இரண்டு வகையிலும் ஐந்தைந்து தோட்டா, ஒவ்வொன்றுக்கும் புதுக் காகிதம். ரவை அடர்ந்து விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். 28 கிராம் ரவை கொண்ட தோட்டாவில் பிரிட்டிஷ் 7½ எண் அளவு ரவை சுமார் 400 இருக்கும். அரை சோக்குக்கு 60 சதவீதம், அதாவது 240, வட்டத்துக்குள் விழ வேண்டும். பிளாஸ்டிக் வாட்டின் கிண்ணம் ரவையைக் குழல் சுவரில் உரசாமல் கொண்டுபோகும். ஃபைபரில் கிண்ணம் கிடையாது; ஓரத்து ரவை உரசித் தட்டையாகி விலகிப் போகும். எண்ணிக்கை 220க்குக் கீழே போனால் முக்கால் சோக்குக்கு மாறுங்கள். 25 கஜத்துக்குள் தவறினால் வாட்டைக் குறை சொல்லாதீர்கள்.

கே: ஃபைபர் தோளை அதிகம் உதைக்குமா?

உதையைத் தீர்மானிப்பது ரவையின் எடை, வேகம், துப்பாக்கியின் எடை. உதை குறைய, 28 கிராம் ரவையை விட்டு 24 அல்லது 21க்கு வாருங்கள்.

கே: எங்கள் மைதானத்தில் ஃபைபர் மட்டும்தான். என்னிடம் இருப்பது 'ஒளியில் சிதையும்' பிளாஸ்டிக் வாட். மிச்சம் ஒரே ஒரு பெட்டிதான். சுட்டுத் தீர்க்கலாமா?

கூடாது. 'ஒரு பெட்டிதானே' என்று ஆளுக்கு ஆள் சொல்வதால்தான் மைதானங்கள் மூடப்படுகின்றன. 40 பேர் வந்து ஆளுக்கு 100 கிளே சுட்டால் ஒரே நாளில் 4,000 வாட். அநேகமாக எல்லாம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 20 முதல் 40 கஜத்துக்குள் விழும். அங்கே போய்ப் புல்லை விலக்கிப் பாருங்கள்: இதழ்கள் பின்னால் மடிந்து, அடியில் வெடிமருந்தின் கரி படிந்து, கட்டைவிரல் பருமனில் கிடக்கும். நிலம் பெரும்பாலும் விவசாயியுடையது. அதில் ஆடு மாடு மேயும். புல்லை அறுத்துச் சைலேஜ் (புளிக்கவைத்த தீவனம்) கட்டுவார்கள். அறுக்கிற இயந்திரத்துக்குப் புல் எது, வாட் எது என்று தெரியாது. தீவனத்தில் பிளாஸ்டிக்கைப் பார்த்த விவசாயி அடுத்த ஆண்டும் நிலம் தருவார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

'ஒளியில் சிதையும்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசியுங்கள். சிதைய வெயில் வேண்டும். புல்லடியிலும் சேற்றிலும் வெயில் எங்கே வரும்? அப்படியே சிதைந்தாலும் துண்டு துண்டாக உடையுமே தவிர மண்ணாகாது. நீரில் கரையும் வாட் வேறு வகை, நல்ல பொருள்தான். ஆனால் பார்க்கப் பிளாஸ்டிக் போலவே இருப்பதால் முன்கூட்டியே மைதானத்தாரிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். தவறு பெரும்பாலும் பழைய தோட்டா பையில் கலந்து கிடப்பதால் நடக்கிறது. கிளம்பும் முன் பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றையும் பார்த்து எடுத்து வையுங்கள். 12ஐவிட மெலிந்த 20 போர் தோட்டா ஒன்று கிடந்தாலும் அப்போதே கண்ணில் படும். அது 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் 12 போர் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

கே: பிளாஸ்டிக் வாட்டை எடுத்துவிட்டு, அதே தோட்டாவில் ஃபைபர் வைத்து மூடலாமா?

வேண்டவே வேண்டாம். வெடிமருந்து, வாட், ரவை, கேப் (தீப்பொறி தரும் மூடி) நான்கும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சோதிக்கப்பட்டவை. வாட் மாறினால் வாயு அடைப்பும் அழுத்தமும் மாறும். அழுத்தம் ஏறினால் துப்பாக்கிக்கு ஆபத்து. இறங்கினால் வாட் குழலிலேயே நின்றுவிடும், அடுத்த தோட்டாவில் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். வெடிச்சத்தம் 'புஸ்' என்று வந்தால் சுடுவதை நிறுத்துங்கள், துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் பாருங்கள்.

கே: ஈயத்துக்குத் தடை வருகிறதே, ஸ்டீல் ரவையையும் ஃபைபரில் சுடலாமா?

சாதாரண ஃபைபர் வாட்டில் கூடாது. ஸ்டீல் ரவை குழலைக் கீறும். அதற்குத் தடித்த, முழு உயரக் கிண்ணம் கட்டாயம். காகிதத்திலும் நீரில் கரையும் பொருளிலும் செய்த கிண்ணத்தோடு தோட்டாக்கள் கிடைக்கின்றன; ஃபைபர் மைதானத்துக்கு அவற்றைக் கேட்டு வாங்குங்கள். சோக் அரைக்கு மேல் போகாதீர்கள். ரவை உருண்டை ஈயத்தைவிட இரண்டு அளவு பெரிதாக இருக்கட்டும் (எண் குறையக் குறைய உருண்டை பெரிது). பழைய துப்பாக்கி என்றால் முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கே: கேரேஜில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்த ஃபைபர் தோட்டா உதவுமா?

ஃபைபர் ஈரம் இழுக்கும். தோட்டா உப்பியிருந்தாலோ, பித்தளையில் பச்சை படிந்திருந்தாலோ சுடாதீர்கள். நல்லதாகத் தெரிந்தாலும் சத்தத்தைக் கவனியுங்கள்: 'புஸ்' என்றால் நிறுத்துங்கள், குழலைப் பாருங்கள்.

கே: ஃபைபர் சுட்டபின் குழலுக்குள் சாம்பல் நிறக் கோடுகள் தெரிகின்றன.

ஈயப் படிவு. அறைக்கு (தோட்டா உட்காரும் இடத்துக்கு) முன்னாலும் சோக் அருகிலும் அதிகம் சேரும். முதலில் கசக்கிய செய்தித்தாளை ஒருமுறை தள்ளி எடுங்கள். பிறகு கரைப்பான் அடித்து கால் மணி நேரம் விட்டு, வெண்கல பிரஷ்ஷை அறைப் பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டுங்கள். சோக்கைக் கழற்றித் தனியாகத் துடைத்து, மரையில் துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள்.