52 அடி ரோந்துப் படகு தீவுப்பகுதிக்குச் சரிவருமா?

கேள்வி: ஊர்காவற்துறையில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வருவோரை நயினாதீவு, நெடுந்தீவு என்று கூட்டிச்செல்ல ஒரு படகு வேண்டும். ஐரோப்பாவில் பழைய இரும்பு ரோந்துப் படகொன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 52 அடி, 25 தொன், 400 குதிரைவலு இயந்திரம் இரண்டு, வேகம் 18 நொட் (மணிக்கு 18 கடல்மைல்), ஓட்டத்தூரம் 600 கடல்மைல், அமிழ்வு 1.5 மீற்றர், 20 வருடத்தில் 600 மணி நேரமே ஓடியது. வாங்கலாமா?

பதில்: வேகத்தையும் நீளத்தையும் ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் தேவைக்கு முதலில் பார்க்கவேண்டிய எண் அமிழ்வு, அதாவது படகு நீருக்குள் இறங்கி நிற்கும் ஆழம். தீவுப்பகுதியில் ஆழமான வழியை விட்டு விலகினால் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். விளம்பரத்தில் போடும் அமிழ்வு பெரும்பாலும் தாங்கிகள் வெறுமையாக இருக்கும்போது உள்ளது. இந்த அளவுப் படகு ஒரு சென்ரிமீற்றர் தாழ ஏறத்தாழ அரைத் தொன் பாரம் போதும். 2,000 லீற்றர் டீசல், 500 லீற்றர் நன்னீர், 15 பேர் ஏறினால் மூன்று தொன்னைத் தாண்டும். இன்னும் ஆறேழு சென்ரிமீற்றர் இறங்கும். இரட்டை இயந்திரப் படகில் புரொப்பெல்லர்கள் மறைப்பில்லாமல் இரு பக்கமும் தொங்குவதால் அடிபடுவதும் அவைதான். ஓர் இதழ் வளைந்தால் தண்டு அதிரும், தண்டு அதிர்ந்தால், அதன் வழியே நீர் புகாமல் தடுக்கும் சீல் ஒழுகும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் சிறிது. தரைதட்டிய 25 தொன்னைப் பெருக்கு வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது.

அடுத்தது டீசல். இயந்திரம் உண்மையில் தரும் ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் மணிக்குச் சுமார் 0.2 லீற்றர் போகும். 800 குதிரைவலுவையும் இழுத்தால் மணிக்கு 160 லீற்றர், அதாவது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஐந்து லீற்றர். தாங்கி 2,000 லீற்றர் என்று வைத்தால், 1,600தான் நம்பி எரிக்கக்கூடியது. பத்து மணி நேரம், 180 கடல்மைல். அப்படியானால் 600 எங்கிருந்து வந்தது? மெல்ல ஓடும்போது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், படகு தானே எழுப்பும் அலையோடு மல்லுக்கட்டாமல் ஓடும் உச்ச வேகம் நொட்டில் கிடைக்கும். இந்த 52 அடிப் படகின் நீர்மட்ட நீளம் 49 அடி என்று வைத்தால் 9.4 நொட். விளம்பரத்தில் 18 நொட்டும் 600 கடல்மைலும் அடுத்தடுத்து இருந்தாலும் இரண்டும் ஒரே ஓட்டத்தில் கிடைக்காது.

600 மணி நேரம் என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். வருடத்துக்கு 30 மணி நேரம் மட்டும் ஓடிய இயந்திரத்தில் உப்புநீர் தேங்கி, இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலரையும் புகைக்குழாய் வளைவையும் தின்றிருக்கும். ஒழுங்காக ஓடிப் பராமரித்த 3,000 மணி நேர இயந்திரம் இதைவிட நல்லது. இரும்பு உடல் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் இடம், தாங்கிக்குக் கீழ், நீர்மட்டக் கோடு ஆகியவற்றில் தகட்டுக் கனத்தை ஒலியலைக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். 5 மில்லிமீற்றர்த் தகடு 4க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பகுதியை மாற்றியே ஆகவேண்டும்.

எங்கள் அபிப்பிராயம்: இந்தப் படகை விடுங்கள். 36 முதல் 40 அடிவரை, ஒரு மீற்றருக்குள் அமிழும், நீண்ட ஏரா (அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு) புரொப்பெல்லரைக் காக்கும், ஒற்றை இயந்திர பைபர் படகு தேடுங்கள். எட்டு நொட் போதும். காரைநகரில் சீநோர் நிறுவனம் பைபர் படகு கட்டிய வழக்கத்தால் அந்த வேலை தெரிந்த கைகள் குடாநாட்டில் உண்டு. இரட்டை உடல் படகும் ஆழம் குறைந்த கடலுக்கு ஏற்றதுதான். ஆனால் உடல்கள் ஒடுங்கியவை என்பதால் பாரம் கூடினால் விரைவில் தாழும். சோளகத்தில் நெடுந்தீவுக்கு ஓடுவதானால், இரு உடல்களுக்கும் நடுவிலுள்ள தளம் நீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். அது தாழ்வாயிருந்தால் அலை அடியில் மோதி, பயணிகள் இருக்கவே முடியாது.

எதை வாங்கினாலும் வெள்ளோட்டம் இல்லாமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். இயந்திரம் ஆறியிருக்கும்போதே போய், கண்முன் முடுக்கச் சொல்லுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவது. கறுப்பு, சுமை கூடியது அல்லது காற்றுப் போதாதது. முழு வேகத்தில் 15 நிமிடம் ஓட்டி வெப்பமானியைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2,300 சுற்று வரவேண்டியது 2,100இல் நின்றால், அடியில் பாசி பிடித்திருக்கும், புரொப்பெல்லர் பெரிதாயிருக்கும், அல்லது இயந்திரம் தளர்ந்திருக்கும். மூன்றில் எது என்று தெரியும்வரை முற்பணத்தைத் திருப்பிப் பெறும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். இறக்குமதி அனுமதி, சுங்கத் தீர்வை, பயணிகள் ஏற்றும் தகுதிச் சான்று ஆகியவற்றையும் அதே நாட்களில் கொழும்பில் விசாரியுங்கள்.