படிப்பு முடிந்தும் வேலை அமையாத மகனுக்குப் பெற்றோர் பணம் கொடுப்பது அவனைக் கெடுத்துவிடுமா?

படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகளாகியும் வேலை அமையாத மகனுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுத்துவருவதாகவும், அது அவனைச் சோம்பேறியாக்கிவிடும் என்று உங்கள் கணவர் சொல்வதாகவும், நிறுத்தினால் பிள்ளை மனம் ஒடிந்துபோவானோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் வியாசர்பாடியில் குடியிருப்பவன். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து 2023இல் ஓய்வு பெற்றவன். உங்கள் கணவர் இன்று சொல்வதைத்தான் நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் என் மகன் பட்ட கஷ்டத்தை நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது.

என் அப்பா பி அண்ட் சி என்ற துணி மில்லில் தொழிலாளி. 1996இல் அந்த மில் மூடப்பட்டபோது, ஏற்கெனவே வேலையில் இருந்த நான்தான் வீட்டைத் தாங்கினேன். ஐடிஐ முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, 21 வயதில் முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தவன் என்பதால், வளர்ந்த பிள்ளை அப்பாவிடம் காசு கேட்டு நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காட்சியாக இருந்தது. ஆனால் காலம் மாறியிருப்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் மகன் நான்கு ஆண்டு பொறியியல் படித்து 2021இல் வெளியே வந்தான். அதன் பிறகு அறிவிப்பு, தேர்வு, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு போட்டித் தேர்வும் மாதக்கணக்கில் இழுத்தது. படிப்புக்கும் நிலையான வாழ்க்கைக்கும் இடையிலான இந்த 18 முதல் 25 வயது வரையிலான காலத்தைத் தனிப் பருவமாகவே கருத வேண்டும் என்று ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். உங்கள் மகன் காத்திருப்பதில் அவனுடைய சோம்பலைவிடக் காலத்தின் பங்கு அதிகமாக இருக்கலாம்.

நான் பணம் கொடுக்காமல் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சமையல் மேடையில் உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு நூறு ரூபாய் நோட்டை வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்ததும், "காலைல வெச்ச நூறு ரூபா என்ன ஆச்சு?" என்று கேட்பேன். அந்தக் கேள்வி அவனை என்ன செய்தது என்பது, ஒருநாள் வாசலில் அவன் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்து ஓரமாக வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. தங்கசாலை அருகிலிருந்த பயிற்சி வகுப்புக்குப் பேசின் பாலம் வழியாகப் போகவும் வரவும் மாதக்கணக்காக நடந்திருக்கிறான். உப்பு ஜாடிக்கு அடியில் ஒன்றும் இல்லாத நாட்களில் பேருந்துக்குக் காசு கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஒருவர் வாங்கிக் கொடுத்தால் மறுநாள் தானும் வாங்கித் தர வேண்டுமே என்று, நண்பர்களோடு டீ குடிக்கப் போவதையும் நிறுத்தியிருந்தான்.

அதே வீட்டில் என் மகள் இருந்தாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தப் பணம் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்ந்தது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. மாதக் கணக்குப் பார்த்தால் மகன் கைக்குப் போனதுதான் அதிகம். ஆனாலும் அவள் தலைநிமிர்ந்து போய்வந்தாள். அவன் நான் வீட்டுக்குள் நுழையும் நேரம் பார்த்து மாடிக்குப் போனான். அவளுடைய பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த வித்தியாசம் கண்ணில் பட்ட பிறகுதான், கொடுப்பதா நிறுத்துவதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எப்படிக் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்ற மாதம் அவனை உட்காரவைத்துப் பேசினேன். மாதம் 3000 ரூபாய், முதல் தேதி அவன் கணக்கில் போடுவேன். 18 மாதம் வரை நிச்சயம். கணக்குக் கேட்க மாட்டேன். இதற்கு மேல் என்னால் இயலாது என்று, என் பென்ஷன் தொகையையும் சொன்னேன். தன் பங்குக்கு ரேஷன் கடையையும் கேஸ் சிலிண்டர் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். 2024இல் அம்பத்தூரில் அவனுக்கு வேலை கிடைத்தது இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சக்திக்கு மீறிக் கொடுக்காதீர்கள். இறுதியாண்டுக் கட்டணத்துக்காக என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தோம். 4 லட்சம் ரூபாய் வரை அடமானமில்லாமல் கல்விக் கடன் கிடைக்கும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும் என்று தெரிந்திருந்தும், பிள்ளை கடனோடு வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது என்று நினைத்தோம். ஆனால் வட்டி கட்டும் நாளில் எல்லாம் அந்தப் பேச்சு அவன் காதில் விழுந்தது. "என்னாலதானேப்பா அம்மா கழுத்து வெறுமனே இருக்கு" என்று ஒரு தடவை அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வங்கிக் கடனையாவது சம்பளம் வந்ததும் அடைத்துவிட்டேன் என்று அவன் நிம்மதியாக இருந்திருப்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவர் நிறுத்தச் சொல்லும்போது, அவருக்குத் தெரியாமல் தனியாகக் கொடுக்கத் தாய் மனம் துடிக்கும். என் மனைவியும் மளிகைக் காசில் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பணத்தில் வாங்கிய தேர்வுப் புத்தகங்களை, காசு ஏது என்று நான் கேட்பேனே என்று, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் படித்திருக்கிறான்.