முடக்குவாத நோயாளிகளின் பயத்தை அளப்பது: விடுபட்ட பதில்களை என்ன செய்வது?

வணக்கம். நோய் முற்றிவிடுமோ என்ற பயத்தை அளக்கும் 12 கேள்விப் படிவத்தில் பிள்ளைகள், வேலை பற்றிய கேள்விகளைப் பலர் விட்டுவிடுவதால் மொத்தம் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். விட்ட இடத்தில் 0 போட்டதுதான் சிக்கல். இந்த அளவுகோலில் 0 என்ற மதிப்பே கிடையாது. ‘ஒருபோதும் இல்லை’ 1, ‘மிக அடிக்கடி’ 5, மொத்தம் 12 முதல் 60 வரை.

ஒருவர் 10 கேள்விக்குப் பதில் சொல்லி 31 பெற்றால், 31-ஐ 10-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்குங்கள்: 37.2. பயம் அதிகம் என்பதற்குப் பல ஆய்வுகள் எல்லையாக வைக்கும் 34-ஐ அவர் தாண்டிவிட்டார். உங்கள் கணக்கிலோ 31-லேயே நின்று, உதவி தேவைப்படுகிறவர் கைநழுவிப் போகிறார்! ஒன்றிரண்டு விடுபட்டால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் மொத்தம் போடாதீர்கள்.

பொதுவான பதற்றப் படிவம் போதாதா என்றீர்கள். போதாது. நோய் முற்றுமோ, அன்றாட வேலைக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டிவருமோ என்பது காரணமுள்ள பயம். அதை அந்தப் படிவம் கேட்பதே இல்லை.

இன்னொன்று: மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும்போது சிலரிடமும், பார்த்து முடித்தபின் சிலரிடமும் படிவத்தைக் கொடுக்காதீர்கள். சந்திப்புக்கு முந்தைய படபடப்பையே ஒரு கேள்வி கேட்கிறது. எல்லோருக்கும் ஒரே நேரம் வையுங்கள்.